மழைக்கு முன் ஒரு வரி எழுதித் தாருங்கள்

வேளச்சேரிப் பகுதி மக்களுக்கு, இங்கே மளிகை, மருந்து, பால், தண்ணீர் கேன், செல்போன் கடைகள் நடத்தும் எங்களின் வேண்டுகோள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் உதவிக்கு ஆள் பஞ்சம் இருக்கவில்லை. முகம் தெரியாத இளைஞர்கள் கூகுள் ஷீட்டில் தேவைகளைத் தொகுத்தார்கள். மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் அப்படித்தான். ஆனாலும் மெயின் ரோட்டை ஒட்டிய தெருவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் திரும்பத் திரும்ப வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இருந்த உள்சந்துக்கு ஒன்றும் போகவில்லை. முந்தாநாளே மீட்கப்பட்டவருக்காக வாட்ஸ்அப்பில் ‘அவசரம்’ சுற்றிக்கொண்டே இருந்தது.

எந்த மாடியில் யார் தனியாக இருக்கிறார், எந்த வீட்டுக்கு மாதாமாதம் இன்சுலின் போகிறது என்பதெல்லாம் வெளியூரிலிருந்து வருபவருக்குத் தெரியாது. எங்கள் கடைப் பையன்களுக்குத் தெரியும். பாக்கி நோட்டால் இப்படியும் ஒரு பலன்!

அதனால் தெருவாரியாக ஒரு ஷீட் தொடங்குகிறோம். வீட்டுக்கு ஒரு வரி: எத்தனை பேர், முதியோர், கைக்குழந்தை, விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து, வெளியூர் உறவினரின் எண். சம்மதிப்பவர்களின் விவரம் மட்டுமே ஏறும். 2015இல் கரண்டும் போனது, செல்போன் சிக்னலும் போனது; ஆகவே அச்செடுத்த பிரதி ஒன்று கல்லாப்பெட்டியிலும் இருக்கும். பொருள் போய்ச் சேர்ந்ததும், கொடுத்தவரே நேரத்தைக் குறித்து அந்த வரியை முடித்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இந்த வேலைக்குத் தெருவுக்கு இரண்டு பேர் தேவை. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளும் உதவலாம்: அங்கே கரண்ட் இருக்கும், ஷீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். பொருள் அனுப்புவதானால், பழைய துணி மட்டும் வேண்டாம். போன முறை அதை அள்ளிப் போடவே தனியாக ஆள் தேவைப்பட்டது. பால்பவுடர், நாப்கின், மெழுகுவத்தி, பிளீச்சிங் பவுடர் போதும். தேதியும் நேரமும் இல்லாத செய்தியைப் பகிராதீர்கள்.

அந்த வெள்ளங்களின்போது எங்கள் தொழிலைச் சேர்ந்த சிலரே பாலைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள், மறைப்பதற்கில்லை. இந்த ஏற்பாட்டில் சேரும் கடையில் எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா கேட்டாலும் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பர் முடிவதற்குள் பக்கத்துக் கடையில் உங்கள் வரியை எழுதிக் கொடுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்: மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913.