சாம்பலில் தேடுவது பைத்தியக்காரத்தனமா?

"வீடே எரிஞ்சு போச்சு. உயிர் தப்பிச்சதே புண்ணியம். அப்புறம் எதுக்கு டாக்டர் அந்தச் சாம்பலைப் போய் கிளறணும்?"

என்னிடம் வழக்கமாக மருந்து வாங்கும் ஒரு அம்மா இப்படிக் கேட்டார். 2009 ஏப்ரல் மாதம். அவர் மகள் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் வேலை பார்க்கிறாள். அந்த வருடம் பிப்ரவரி 7-ஆம் தேதி, சனிக்கிழமை, விக்டோரியா மாநிலக் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அங்கே அதைக் 'கறுப்புச் சனிக்கிழமை' என்கிறார்கள்.

மகளோடு வேலை பார்க்கும் பெண்மணியின் வீடும் அதில் ஒன்று. கிங்லேக் பக்கம். இவள் துணைக்குப் போய், ரெண்டு நாள் சாம்பலைச் சலித்திருக்கிறாள். கிடைத்தது அந்தப் பெண்மணியின் அம்மா வைத்திருந்த ஒரு பீங்கான் டீ கோப்பை. இவளுக்குக் கிடைத்தது இருமல்!

"ஆடாதோடை மணப்பாகு அனுப்பட்டுமா டாக்டர்?"

"அது அப்புறம்மா. மூக்கை மூடிக்கிட்டாளா?"

"கைக்குட்டை கட்டிக்கிட்டாளாம்."

"முதல்ல அங்கேயே டாக்டர்கிட்ட காட்டி, சாம்பல்ல வேலை செஞ்சதையும் மறக்காம சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

வாசகர்களே, நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று அந்த நாட்டில் இருக்கிறார்கள். 2019-20 கோடையில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஆகவே இதைச் சொல்லியாக வேண்டும்.

சாம்பல் என்றாலே சுத்தம் என்று நினைக்கிறோம். பாத்திரம் தேய்த்த பழக்கம்! சித்த மருத்துவத்தில் பஸ்பம் கொடுக்கிறோமே என்றும் கேட்பீர்கள். பஸ்பத்துக்குச் சரக்கைச் சுத்தி செய்து, அரைத்து, சீலைமண் செய்து, இத்தனை வறட்டி என்று கணக்குப் பார்த்துப் புடம் போடுகிறோம். உள்ளே போனது என்னவென்று எங்களுக்குத் தெரியும். எரிந்த வீட்டில் அந்தக் கணக்கெல்லாம் ஏது?

ஆஸ்திரேலியாவில் பழைய வீடுகளின் சுவர், கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. 2003 கடைசியில்தான் அதை முழுக்கத் தடை செய்தார்கள். அதன் நார் நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரலாம். கறையான் அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம் எரிந்தால், சாம்பலில் ஆர்செனிக் நிற்கும். பழைய பெயின்டில் ஈயம். கைக்குட்டை இதற்கெல்லாம் காணாது.

அப்படியானால் தேடவே கூடாதா? இங்கேதான் அந்த அம்மாவோடு எனக்குக் கருத்து வேற்றுமை. தேடட்டும்! வீடு, துணி, போட்டோ, எல்லாம் ஒரே நாளில் போனவர்களுக்கு, 'இங்கே நாம வாழ்ந்தோம்' என்று சொல்ல ஒரு பொருளாவது கையில் வேண்டாமா? "பொருள்தானே, புதுசா வாங்கிக்கலாம்" என்பது ஆறுதலே இல்லை. அம்மா டீ குடித்த கோப்பையை எந்தக் கடையில் வாங்குவது?

கிடைக்கவும் செய்யும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். பீங்கானோ சூளையில் அதைவிட அதிகச் சூட்டில் வெந்து வந்த பொருள்.

ஆனால் முறையாகத் தேடுங்கள். அதிகாரிகள் அனுமதித்த பிறகே உள்ளே போங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை விடுங்கள். முகத்தில் நன்றாகப் பொருந்தும் 'பி2' மாஸ்க், கையுறை, கனத்த பூட்ஸ், முழுக்கை உடுப்பு அவசியம். சாம்பலில் லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகே கை வையுங்கள். பெருக்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. கிடைத்ததை ஈரத்துணியால் துடையுங்கள். கோப்பை கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், அதில் டீ மட்டும் குடிக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் நெஞ்சில் கோளாறு இல்லை என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். இருமலும் சில வாரத்தில் நின்றது. விரிசல் விழுந்த அந்தக் கோப்பை புது வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறதாம்.

இனிமேல் யாராவது சாம்பலில் தேடினால், "எதுக்கு?" என்று கேட்காதீர்கள். "என்ன தேடறீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கையில் ஒரு நல்ல மாஸ்க்கையும் கொடுங்கள்.