பிழைக்க வைத்தீர்கள், பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் பிழைத்தவர்களில் என் தம்பியும் ஒருவன். சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர், காப்பீட்டு அட்டை உண்டா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் புகாரெல்லாம் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது.

தம்பி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிப்பு மாத்திரை இருந்தது, மறுபடி வரவேண்டிய தேதி இருந்தது. இனி இவனுக்குச் சட்டென்று கோபம் வரும், காலையில் சொன்னது மதியம் வரை நிற்காது, இரைச்சலான இடத்தில் அரைமணி நேரத்தில் சோர்ந்துவிடுவான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அவன் மனைவி தானாகப் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குப் போனோம். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினான். நடக்கச் சொன்னார்கள், நடந்தான். “நல்லாத்தானே இருக்காரு?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறைபாடு 40 சதவீதம் தேறாவிட்டால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழியில்லை. மனநோய்ப் பிரிவில் கேட்டுப் பாருங்கள் என்று அங்கேயே ஒருவர் யோசனை சொன்னார். மனநோய் கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இல்லாத நோயின் பெயரில் அட்டை வாங்கிக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

கோளாறு சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நடுக்குவாதம் உண்டு, தண்டுவட மரப்பு நோய் உண்டு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. தலைக்காயத்துக்குத் தனிப்பெயர் இல்லை. கால் விழுந்தால் ஒரு பிரிவு, பேச்சு போனால் இன்னொரு பிரிவு. நினைவும் நிதானமும் மட்டும் போனவரை எதில் சேர்ப்பது? நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 2022இல் மட்டும் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர் என்று கணக்கு இருக்கிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்து, வேலையிழந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை யார் எண்ணுகிறார்கள்?

தம்பியின் பழைய முதலாளி நல்லவர். செக்கிங் பகுதியில் அரைநாள் வேலை கொடுத்தார். கூட வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர், ஒரு நேரத்துக்கு ஒரு வேலை என்று துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டுவார். கோபம் ஏறுவது தெரிந்தால் டீக்கடைக்குக் கூட்டிப்போவார். தம்பி ஒழுங்காக வேலை பார்த்தான். அந்த நண்பர் வேறு கம்பெனிக்குப் போனதும் எல்லாம் நின்றுபோனது. அவர் செய்ததைச் செய்யப் பயிற்சி பெற்ற செயல்முறை சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வேலையிடத்துக்கு அவர்களை அனுப்பத்தான் ஏற்பாடில்லை. அரசு ஊழியர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்காரனுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

உலக வங்கிக் கடனில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ மையங்களை அரசு திறந்துவருகிறது. தலைக்காயத்தோடு வாழும் பெரியவர்களுக்கு அங்கே தனிப் பொறுப்பாளர் வேண்டும். வீட்டாருக்கும் வேலை கொடுப்பவருக்கும் அவர் வழிகாட்ட வேண்டும். சான்றிதழ் முகாமில் கைகாலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்க வேண்டும், கூட வந்தவர் சொல்வதையும் கேட்க வேண்டும். சட்டத்தைத் திருத்த நாளாகும் என்பது தெரியும். ‘இந்த மாற்றங்கள் வரலாம், வந்தால் இங்கே போங்கள்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரி சேர்க்கச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த மாதமே அனுப்பலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், கொங்கு மண்டலம்
(பெயரும் முகவரியும் தனியே அனுப்பியுள்ளேன், வெளியிட வேண்டாம்.)