மழைக்காடும் நம் நீராதாரமே!

மேட்டூர் அணையின் நீர்மட்டம் சரிந்தால் தலைப்புச் செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு சுருங்கினால் அது வனத் துறையின் கோப்போடு முடிந்துவிடுகிறது. இந்தப் பாரபட்சத்துக்குத் தமிழகம் கொடுக்கும் விலை அதிகம்.

மழைக்காடு மழையை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. மழையைத் தரவும் செய்கிறது. மரங்களின் வேர் உறிஞ்சும் நீர் இலை வழியே ஆவியாகி, தென்மேற்குக் காற்றோடு கிழக்கே வருகிறது. தமிழகத்தின் தென்மேற்குப் பருவமழைக்கான ஈரப்பதத்தில் 25 முதல் 40 சதவீதம் இந்தக் காடுகளின் கொடை என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-இல் கணித்தனர். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் இது 50 சதவீதம் வரை உயர்கிறது. வறட்சியில்தான் காடு நமக்கு அதிகம் கைகொடுக்கிறது.

வால்பாறையில் நண்பகலில் தேயிலைச் சரிவில் நின்றால் வெயில் சுள்ளென்று உறைக்கும். பக்கத்துச் சோலைக்குள் கால் வைத்தால் மண் ஈரம் மாறாமல் இருக்கும். அட்டை காலில் ஏறும். அடுக்கடுக்கான மரக்கிளைகள் காக்கும் ஈரம் அது. தோட்டங்களுக்காகத் துண்டாடப்பட்ட சோலைகளில் ஓரத்திலிருந்து வெயிலும் காற்றும் புகுந்து, அந்த ஈரம் உள்நோக்கி வற்றுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது குறித்து மாதவ் காட்கில் குழு 2011-இலும் கஸ்தூரிரங்கன் குழு 2013-இலும் அறிக்கை அளித்தன. ஆறு மாநிலங்களில் சுமார் 56,800 சதுர கி.மீ. பரப்பைச் சூழலியல் கூருணர்வுப் பகுதியாக்கும் வரைவு அறிவிக்கை 2014-இல் வந்தது. வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31-இல் வெளியானது ஆறாவது வரைவு! வரைவு காலாவதியாவதும் புதுப்பிக்கப்படுவதுமாகப் பத்தாண்டுகள் ஓடியதற்கு மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே பொறுப்பு.

இந்த வரைவால் மலைவாழ் மக்களும் சிறு விவசாயிகளும் வெளியேற்றப்படுவார்கள் என்ற அச்சம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆனால், வரைவு தடுப்பது சுரங்கம், குவாரி, மணல் அள்ளுதல், புதிய அனல்மின் நிலையம், பெரும் கட்டுமானங்கள் போன்றவற்றையே. விவசாயத்துக்கோ குடியிருப்புக்கோ அது தடை போடவில்லை. இதைக் கிராம சபைகளில் தமிழிலேயே விளக்கியிருந்தால் வதந்திக்கு இடமிருந்திருக்காது.

வரைவில் தமிழகத்தின் பங்கு சுமார் 6,900 சதுர கி.மீ. அதற்கான இறுதி அறிவிக்கையை மாநில அரசே முன்வந்து கேட்க வேண்டும். சிதைந்த சோலைகளில் உள்ளூர் மர இனங்களையே நட வேண்டும். வால்பாறையில் அது சாத்தியம் என்பது ஏற்கெனவே நிரூபணமாகியிருக்கிறது. அணைகளைத் தூர்வார ஒதுக்கும் நிதியைப் போலவே, சோலை மீட்புக்கும் நீர்வளக் கணக்கில் நிதி ஒதுக்கப்பட வேண்டும். அணை நீரைத் தேக்கத்தான் முடியும். மழையை வரவழைக்க முடியாது.