உல்லாச வண்டிக்கு நிலை எங்கே?

ஆண்டில் சில நாட்களே ஓடும் தேருக்கும் கோயில்களில் ஒரு நிலை உண்டு. மழையும் வெயிலும் தாக்காதபடி அதற்குக் கூரையோ தகர மறைப்போ அமைத்துக் காப்பது வழக்கம். முற்காலத்தில் வில்வண்டி வைத்திருந்த குடும்பத்தாரும் அதற்கென வண்டிக் கொட்டில் கட்டிய பின்னரே வண்டியை வாங்கினர். இக்காலத்தில் உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள ‘கேரவன்’ என்னும் வீட்டு வண்டியை வாங்குவோர், அது ஓடாத நாட்களில் எங்கே நிற்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வண்டிகள் ஓடும் நாட்கள் சில. நிற்கும் நாட்கள் பல. ஆகவே இது உல்லாசப் பயணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, நிலத்தைப் பற்றிய விஷயமுமாகும்.

புளியறைக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. ஆரியங்காவுக் கணவாயின் அடிவாரத்தில், கொல்லத்திலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில், கேரள எல்லையை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டைப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது முதல், மலையிறங்கி வருவோருக்குத் தமிழ்நாட்டின் வாயில் இதுவே. குற்றாலச் சாரல் பருவத்தில் வாகனங்கள் இவ்வழியே பெருந்திரளாக வருகின்றன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இத்தகைய வண்டிகள் பெருகப் பெருக, அவற்றை நிறுத்த இடம் கேட்போரும் பெருகுவர். சாலையோரத்துச் சமதரை எங்கே என்று பார்த்தால், கண்ணில் முதலில் படுவது பசுமையான நெல் வயலே.

நன்செய் வயலில் சரளை மண்ணைக் கொட்டி வண்டி நிறுத்துமிடம் ஆக்குவது பெரும் பிழையாகும். தலைமுறை தலைமுறையாகச் சேறு கலக்கி உழுததனால் வயலின் அடியில் நீரைத் தாங்கும் இறுகிய படலம் ஒன்று உண்டாகியிருக்கிறது. அதன் மேல் சரளையைப் பரப்பிக் கனத்த சக்கரங்களை ஏற்றிவிட்டால், பின்னர் எவ்வளவு செலவு செய்தாலும் பழைய வயல் திரும்புவது அரிது. ஒரு வயல் மேடானால் மேல்வயலின் வடிகால் அடைபடும். கீழ்வயலுக்குப் பாயும் நீர் தடைபடும். கசியும் எண்ணெய் நீரில் படர்ந்து அயலான் பயிரையும் சென்றடையும். “என் நிலம், என் இஷ்டம்” என்பாரும் உளர். ஆனால் நிலம் ஒருவருடையதாயினும், அதன் வழியே ஓடும் நீர் பலருடையது. எல்லைக்கு அப்பால் 2008-ஆம் ஆண்டிலேயே நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டிலும் முன் அனுமதியின்றி நன்செய்யை வேறு உபயோகத்திற்கு மாற்றலாகாது.

இதற்கு எவ்வளவு நிலம் தேவை என்று கணக்கிட்டால், வயலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது விளங்கும். இருபது அடி நீளமுள்ள வண்டிக்கு இருபத்தாறு அடி நீளமும் பதினான்கு அடி அகலமுமான கொட்டில் போதும். அது 364 சதுர அடி. ஒரு செண்டுக்கும் குறைவே. வண்டி திரும்புவதற்கு இன்னும் மூன்று நான்கு செண்டு சேர்த்தாலும், வீட்டை அடுத்த மேட்டுப் புன்செய்யில் அது எளிதில் கிடைக்கும்.

வேறு சில இடங்களும் விலக்கத்தக்கவை. நெற்களத்தில் வண்டியை நிறுத்தினால் கார் அறுவடைக்கும் பிசான அறுவடைக்கும் இடமின்றிப் போகும். வைக்கோற்போரின் அருகே நிறுத்துவது நெருப்புக்கும் எலிக்கும் இடந்தரும். தென்னையின் கீழ் மட்டையும் காயும் விழும். புளியமரத்தின் கீழ் பறவை எச்சமும் உதிர்சருகும் படிந்து வர்ணத்தைக் கெடுக்கும். வாய்க்காற்கரை ஊராருக்குப் பொதுவானது. அதில் வண்டியை நிறுத்த ஒருவருக்கும் உரிமையில்லை.

கொட்டிலின் திசையும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே வீசும் மேல்காற்று சாரலைக் கொண்டு வரும். ஆதலின் மேற்கே முழுச் சுவரும் கிழக்கே வாயிலும் இருத்தல் நலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை கிழக்கிலிருந்தும் அடிக்குமாதலால் வாயிற்புறத்துக் கூரையை மூன்றடியேனும் நீட்டுக. தரையைச் சுற்றுப்புறத்தினும் ஓரடி உயர்த்திக் கெட்டிப்படுத்துக. காற்று உலவச் சுவரின் மேற்பகுதியில் இடைவெளி விடுக. அடைத்த அறையில் ஈரம் தங்கி மெத்தையிலும் மரப்பலகையிலும் பூசணம் பற்றும்.

வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் செய்யத்தக்கவை சில உண்டு. தண்ணீர்த் தொட்டிகளை முற்றும் வடித்துவிடுக. இல்லையேல் கொசு பெருகும். எரிவாயு உருளையைக் கழற்றிக் காற்றோட்டமான வெளியிடத்தில் வைக்க. மின்கலத்தின் இணைப்பை அகற்றி, மாதம் ஒருமுறை மின்னேற்றுக. டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் உறைந்து நீராவது குறையும். சக்கரங்களுக்கு அளவான காற்றடித்து, மாதம் ஒருமுறை வண்டியைச் சிறிது நகர்த்தினால் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தாது. கைத்தடையை இறுக்கி வைப்பதைவிடச் சக்கரத்திற்கு மரக்கட்டை அண்டை கொடுப்பது மேல். உணவுப் பொருளில் ஒரு மணியும் உள்ளே விடலாகாது. அறுவடை முடிந்ததும் வரப்பு எலிகள் இடம் தேடி வரும். அவை மின்கம்பிகளைக் கடித்துவிட்டால் செலவு பெரிதாகும்.

சாலையோரம் மேட்டு நிலம் உடைய குடியானவர்களுக்கு இதனால் வருமானமும் உண்டு. நல்ல கொட்டில் ஒன்று போட்டு மாத வாடகைக்கு விடலாம். வண்டி இல்லாத காலத்தில் டிராக்டரும் உழவுக் கருவிகளும் அதிலேயே தங்கும். விற்ற வயல் ஒரு முறையே பணம் தரும்; காத்த வயல் ஆண்டுதோறும் நெல் தரும். ஊராட்சியார் இத்தகைய மேட்டு நிலங்களைக் கண்டறிந்து, சாரல் பருவத்திற்கு முன்பே வண்டிக்காரருக்கு அறிவிப்பார்களாயின், வயலைத் தேடிச் சரளை வராது. உல்லாசம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அது சோற்றுக்குரிய நிலத்தின் மேல் நிற்கலாகாது என்பதே வேண்டுகோள்.