ஊறுகாய்க்கு இடம் உண்டு, இன்சூரன்சுக்கு இல்லையா?

மகளுக்குப் பிரசவம். அவள் இருப்பது அமெரிக்காவில். பெற்றோர் புறப்படுகிறார்கள்.

சுக்கு, மிளகு, பிரசவ மருந்து, ஊறுகாய், வற்றல் எல்லாம் பெட்டிக்குள் போகின்றன. எடை கூடிவிட்டதா என்று இரண்டு முறை நிறுத்துப் பார்க்கிறார்கள். இன்சூரன்சு என்ற பேச்சு வந்ததும், "ஆறு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது?" என்கிறார் தந்தை.

அவருக்கு வயது 66. சர்க்கரை உண்டு. ரத்தக் கொதிப்பும் உண்டு!

இன்று ஊருக்கு ஊர் இப்படிக் குடும்பங்கள் இருக்கின்றன.

கேட்கும் நாடு, கேட்காத நாடு

பிரான்சு, ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளைச் சுற்றிப் பார்க்க விசா வேண்டுமா? குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு வைத்திய இன்சூரன்சு காட்ட வேண்டும். திடீர் வைத்தியம், ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியை ஊருக்கு அனுப்பும் செலவு, இறந்துவிட்டால் உடலை அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும்.

அமெரிக்கா, சுற்றுலா விசாவுக்கு இதைக் கேட்பதில்லை. கேட்காததால் பலர் வாங்குவதும் இல்லை. இது தலைகீழ்க் கணக்கு. வைத்தியச் செலவு மிக அதிகமான நாடு அமெரிக்காதான்!

உயிருக்கு ஆபத்து என்று வருபவரை, பணம் இல்லை என்பதற்காக அவசர சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது. 1986-ல் அங்கே அப்படிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வைத்தியம் இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னால் வரும். ஆம்புலன்சுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும்.

மகளின் கம்பெனி இன்சூரன்சில், பார்க்க வந்த பெற்றோருக்குப் பொதுவாக இடம் கிடையாது. நம் ஊரில் எடுத்த பாலிசியும் பெரும்பாலும் நம் நாட்டு ஆஸ்பத்திரிக்குத்தான்.

சர்க்கரையை மறைப்பதா?

வாங்குகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். விண்ணப்பத்தை மருமகனோ ஏஜெண்டோ நிரப்புகிறார். "நோய் ஏதும் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். பணம் கொஞ்சம் மிச்சம்!

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முதலில் கேட்பது பழைய நோய்களைத்தான். தாயார் உள்ளதைச் சொல்லிவிடுவார். அது ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறும். உண்மையை மறைத்தார்கள் என்று கம்பெனி கையை விரித்துவிடலாம்.

உண்மையை எழுதினாலும் பழைய நோய்க்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. சில பாலிசிகள், அந்த நோய் திடீரென்று முற்றி உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் ஒரு வரம்பு வரை தருகின்றன. புறப்படும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். விலை அல்ல.

மலிவான பாலிசிகளில் இன்னொரு சங்கதி. ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று முன்பே தொகை குறித்திருப்பார்கள். மீதியெல்லாம் மகள் தலையில்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதற்கான போன் நம்பர் பாலிசியிலேயே இருக்கும். பலர் அந்தத் தாளைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார்கள். மகளும் மருமகனும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் தந்தைக்கு நெஞ்சு வலித்தால், தாயார் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க முடியுமா? அவசர உதவிக்கு அங்கே 911. அந்த நம்பரையும் கம்பெனி நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம்.