கூரையைப் பார்க்கும் கண்கள்



“மேலே என்ன பார்க்கிறாய்? விடை கூரையிலா எழுதியிருக்கிறது? என் முகத்தைப் பார்த்துச் சொல்!” இப்படிக் கேட்காத ஆசிரியர் நம்மில் அரிது. பத்துமலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேச எழுந்த இரண்டாம் ஆண்டு மாணவனிடம் நானும் ஒருமுறை அப்படித்தான் கேட்டேன். அவன் வாயடைத்து நின்றான். ‘தெரியவில்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அது என் பிழை.

கண்கள் ஒருபக்கம் மேலே சென்றால் உண்மை, மறுபக்கம் சென்றால் பொய் என்று பயிலரங்குகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2012இல் ரிச்சர்டு வைஸ்மன் குழுவினர் இதனைச் சோதித்தனர். அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை.

ஆயினும் பார்வைக்கும் நினைவுக்கும் உறவு உண்டு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் படங்களைக் காட்டி மறைத்துவிட்டு அவற்றைப் பற்றி வினவினர். படம் இருந்த வெற்றிடத்தையே நோக்கச் செய்தபோது, வேறிடத்தை நோக்கச் செய்தபோதைவிட நினைவு நன்கு துணைசெய்தது.

முகத்தைப் பார்ப்பதும் மூளைக்கு ஒரு வேலையே. பிரிட்டனில் 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிந்திக்கும்போது பார்வையை விலக்கிக்கொள்ள ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சி தந்தனர். அவர்களுடைய விடைகள் மேம்பட்டன.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, குழந்தை கூரையைப் பார்த்தால் அதட்ட வேண்டா. சில நொடிகள் காத்திருங்கள். அன்று நான் காத்திருந்தால், பத்துமலையின் 272 படிகளையும் அவன் எனக்குச் சொல்லியிருப்பான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்