எல்லாக் காருக்கும் பொருந்துவது எந்தக் காருக்கும் பொருந்தாது



கார் உதிரிபாகக் கடையிலும் சிக்னலிலும் ஒரு பொருள் விற்கிறார்கள். முன்கண்ணாடிக்கு வைக்கும் சன் ஷேட். உறையில் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று பெரிதாக அச்சடித்திருக்கும். நீளம் எத்தனை சென்டிமீட்டர், உயரம் எத்தனை என்று தேடிப் பாருங்கள். பல உறைகளில் இருக்காது.

ஆல்ட்டோவின் முன்கண்ணாடியும் இன்னோவாவின் முன்கண்ணாடியும் ஒன்றா? வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போடும் கொத்தனார்கூட ஜன்னலை அளந்துதான் பலகை அடிப்பார். ஏழெட்டு லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு மட்டும் அளவில்லாத சன் ஷேடை வாங்கிச் செருகிவிட்டு, "இந்த ஷேட் எல்லாம் சும்மா, ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று சொல்கிறோம். பிரயோஜனம் இல்லாதது ஷேட் அல்ல, அளவு.

வெயிலின் ஒளி கண்ணாடி வழியே தாராளமாக உள்ளே வருகிறது. டாஷ்போர்டும் சீட்டும் அதை உறிஞ்சிச் சூடாகின்றன. அவை திருப்பி விடும் வெப்பக் கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. சூடான காற்றும் வெளியேற வழியில்லை. அதனால் ஒளி டாஷ்போர்டைத் தொடுவதற்கு முன்பே, கண்ணாடியருகிலேயே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளி போல் மின்னும் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கறுப்பு வலைத்துணி ஒளியைத் திருப்பாது, தானே உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடும் காருக்குள்ளேதான் இருக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. முன்கண்ணாடி செவ்வகம் அல்ல. பள்ளியில் படித்தோமே, அந்தச் சரிவகம். கீழே 140 செ.மீ., மேலே 110 செ.மீ., உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 9,375 சதுர செ.மீ. கடைக்காரர் கொடுத்த ஷேட் 130க்கு 60 செவ்வகம் என்றால் 7,800. குறைந்தது 1,575 சதுர செ.மீ. திறந்து கிடக்கிறது. ஏ4 தாள் இரண்டரை அளவு ஓட்டை! மேல் மூலைகள் தூணில் இடித்து மடங்கி வீணாவதை நான் சேர்க்கவே இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. கண்ணாடி தடுப்பது போக, அந்த ஓட்டை வழியே மட்டும் ஏறக்குறைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று காருக்குள் எரிகிற மாதிரி.

"ஒரு மலிவுப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, வாத்தியாரே?" என்பீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டீயரிங் 53 டிகிரி. நிழலில் நின்றவற்றில் 48, 42. வேலூர் வெயிலில் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கையை உதறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேப்பமர நிழல் கிடைத்தால் அதுவே முதல் தரம். கிடைக்காத இடத்தில்தான் ஷேட். அது முழுதாக மூட வேண்டாமா?

அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குள் உட்காருங்கள். வெளியிலிருந்து அளக்காதீர்கள், உள்ளேதான் ஷேட் நிற்கப் போகிறது. கண்ணாடி வளைவோடு டேப்பைப் படியவிட்டு, கீழ் அகலம், மேல் அகலம், நடு உயரம், ஓர உயரம் நான்கையும் குறியுங்கள். உள்கண்ணாடியின் தண்டும், கேமரா, சென்சார் பெட்டி இருந்தால் அதுவும் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். ஷேடில் அங்கே வெட்டு வேண்டும். ஓரங்கள் சற்றுச் செருகி நிற்கிற அளவு பெரியதாகவும், சன் வைசர் இரண்டும் அழுத்திப் பிடிக்கிற மாதிரியும் வாங்குங்கள். குடை மாதிரி வாங்கினால், அதன் கைப்பிடி நடுவிலுள்ள திரையில் இடிக்கிறதா என்று விரித்துப் பார்த்தே காசு கொடுங்கள்.

சரியான அளவு கிடைக்கவில்லையா? செய்தித்தாளை ஒட்டிக் கண்ணாடி வடிவில் வெட்டுங்கள். அதை மாதிரியாக வைத்து, வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இது உங்கள் காருக்கு மட்டுமே பொருந்தும். அதுதான் அதன் பெருமை!

கடைக்காரரோடு சண்டை வேண்டாம், கேள்வி கேளுங்கள். 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், அளவு முக்கியமான பொருளுக்கு அதன் நீள அகலத்தை உறையில் குறிப்பிடச் சொல்கின்றன. அளவு முக்கியமில்லாத சன் ஷேட் உலகத்தில் உண்டா? "எல்லாக் காருக்கும்" என்பது அளவு ஆகாது. அளவு சொல்லாத தப்பித்தல் அது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். வண்டியைக் கிளப்பும் முன் ஷேடை எடுத்துவிடுங்கள். முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்பது விதி.

இன்னொன்று இதைவிட முக்கியம். எவ்வளவு கச்சிதமான ஷேடும் டாஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும்தான் காக்கும். உயிரைக் காக்காது. மிதமான வெப்ப நாட்களில்கூட, மூடிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது என்றும், அதில் 80 விழுக்காடு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது என்றும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை என்றும் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. "ஷேட்தான் போட்டிருக்கிறோமே, இதோ வந்துவிடுகிறோம்" என்று குழந்தையையோ பெரியவரையோ உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்சுலின் போன்ற மருந்துகளையும் வைக்காதீர்கள்.

அடுத்த முறை கடையில் விலையைக் கேட்பதற்கு முன் "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் தயாரிப்பாளரைக் கேட்பார். உறையில் அளவு தானாக வரும்.